டி.என்.எஃப். என்றால் தோல்வியா? ரலிக்காரர் ஒருவரின் பதிவேட்டை வாசிக்கும் முறை

மோட்டார் கழகம் ஒன்று தன் அங்கத்தவரை வெளியாருக்கு அறிமுகப்படுத்தும்போது இப்படி ஒரு வரி வரும்: “ரலி 11, முடித்தவை 7, டி.என்.எஃப். 4, மொத்தத்தில் சிறந்த இடம் 6, வகுப்பில் முதலிடம் 3, இவற்றில் 2 துணைச் சாரதியாக.” டி.என்.எஃப். என்றால் தொடங்கி முடிக்காத ரலி. வகுப்பு என்பது ஒத்த வலுவுள்ள கார்களின் பிரிவு. துணைச் சாரதி பக்கத்து இருக்கையில் இருந்து வழிக் குறிப்பு வாசிப்பவர். உதாரணத்துக்காக அமைத்த வரிதான் இது. ஆனால் உண்மையான பதிவேடுகளும் இதே அமைப்பில்தான் இருக்கும்.

கிரிக்கெட் ஸ்கோர்காட் என்றால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பத்து வயதுப் பிள்ளையே வாசித்துவிடும். நாட் அவுட் ஏன் சராசரியைக் கூட்டுகிறது என்று நமக்கு விளக்கியும் சொல்லும். ரலிக் கணக்கை வாசிக்க அப்படிப் பழக்கம் இல்லை. “மொத்தத்தில் ஒருதரமும் முதலாவதாக வரவில்லையே”, “நாலு தரம் முடிக்கவே இல்லையே” என்று அனுசரணை கேட்டுப் போன இடத்தில் கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்த வரியில் மிக நல்ல சாரதி ஒருவர் இருக்கலாம். இருக்கிறாரா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இங்கே.

எது ரலி, எது ரலி இல்லை

இலங்கையில் மோட்டார் பந்தயம் என்றதும் நினைவுக்கு வருபவை நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றமும் தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில் சுப்பர்க்ரொஸும்தான். முன்னது 1934இல் தொடங்கியது. இரண்டுமே ரலி அல்ல. சீகிரியாவில் நடக்கும் ‘ரலிக்ரொஸ்’ பெயரில் மட்டும் ரலியை வைத்திருக்கிறது. குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

1. சுப்பர்க்ரொஸ், ரலிக்ரொஸ்: மூடிய சுற்றுப்பாதை. பல கார்கள் ஒன்றாகப் புறப்படும். முதலில் கோட்டைத் தாண்டுபவர் வெல்வார். சாரதி தனியாக ஓட்டுவார்.

2. மலையேற்றம்: ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டி. பாதை ஒன்றுதான், குறுகியது. ஒரே நாளில் பல தடவை ஓடி வளைவுகளை மனப்பாடம் செய்துவிடலாம்.

3. நேரக்கணிப்பு ரலி: திறந்த வீதியில், போக்குவரத்துச் சட்டத்துக்குள், குறித்த சராசரி வேகத்தில், நேரம் பதியும் சாவடியைக் குறித்த நேரத்துக்கு அடைய வேண்டும். முந்திப் போனாலும் தண்டனை, பிந்திப் போனாலும் தண்டனை. கழகங்கள் அதிகம் நடத்துவது இதைத்தான். செலவு குறைவு, வீட்டுக் காரே போதும்.

4. கட்ட ரலி: உலக ரலிச் சம்பியன்ஷிப் இந்த வகை. போக்குவரத்துக்கு முற்றாக மூடிய வீதித் துண்டுகளில் கார்கள் ஒவ்வொன்றாக முழு வேகத்தில் ஓடும். ஒவ்வொரு துண்டும் ஒரு விசேட கட்டம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்புப் பாதை திறந்த வீதி. அங்கே எல்லோரையும் போல நம் நாட்டில் என்றால் நகருக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள்தான் போக வேண்டும்.

ஆகவே பதிவேட்டில் ‘ரலி 11’ என்று கண்டால் முதற் கேள்வி: இவற்றில் எத்தனை மூன்றாம் வகை, எத்தனை நான்காம் வகை? இரண்டையும் ஒரே தொகையில் கூட்டுவது டெஸ்ட் ஓட்டங்களையும் இருபது ஓவர் ஓட்டங்களையும் ஒன்றாகக் கூட்டுவது போன்றது.

மூன்றாம் வகையை லேசாக எண்ணிவிடக் கூடாது. கணக்கைப் பாருங்கள். சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர், ஒரு கிலோமீற்றருக்கு 100 செக்கன். 24 கிலோமீற்றர்ப் பகுதிக்குச் சரியாக 40 நிமிடம். கார் கம்பனியிலிருந்து வந்தபோது 185/65 ஆர்15 டயர் இருந்தது, இப்போது 195/65 ஆர்15 போட்டிருக்கிறது என்று வையுங்கள். டயரின் விட்டம் 621 மில்லிமீற்றரிலிருந்து 634 ஆகிவிடும், ஏறத்தாழ 2 வீதம் பெரிது. தூரமானி அந்த அளவு குறைத்துக் காட்டும். 24 கிலோமீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் பிழை. தூரமானியை நம்பி 36ஐப் பிடித்து வந்த கார், கிட்டத்தட்ட 50 செக்கன் முந்திப் போய்ச் சாவடியில் நிற்கும். இதைத் தெரிந்தவர்கள் புறப்படுமுன் கிலோமீற்றர்க் கற்களுக்கிடையே ஓடித் தங்கள் தூரமானியின் பிழையைக் கணக்கெடுத்து வைத்துக்கொள்வார்கள். செக்கன் கணக்கில் வென்றவர் ஒருவர், இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்.

கட்ட ரலியில் நேரம் எப்படிச் சேர்கிறது

இனிவரும் பகுதி நான்காம் வகை பற்றியது.

கார்கள் ஒரு நிமிட அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் கட்டத்துக்குள் விடப்படும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, தண்டனை நேரத்தையும் சேர்த்து, குறைந்த மொத்தம் யாருக்கோ அவர் முதலாவது. சர்வதேச விதிப்படி நேரச் சாவடிக்குப் பிந்தினால் நிமிடத்துக்கு 10 செக்கன், முந்தினால் நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். முந்துவதற்கு ஆறு மடங்கு தண்டனை ஏனென்றால், திறந்த வீதியில் யாரும் வேகமாக ஓடி நேரம் சேமிக்கக் கூடாது.

வித்தியாசங்கள் எவ்வளவு சிறியவை என்பதற்கு 2011 ஜோர்தான் ரலி சாட்சி. செபஸ்தியன் ஓஜியே, யாரி-மட்டி லத்வாலாவை 0.2 செக்கனால் வென்றார். இத்தனை கட்டங்களையும் ஓடி முடித்த பிறகு இருவருக்கும் இடையில் இருந்தது கண் சிமிட்டும் நேரம். நேரச் சாவடிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலே 10 செக்கன் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சாரதி உயிரைக் கொடுத்து ஓட்டிச் சேர்த்ததை, சாவடி நேரங்கள் பதியும் நேர அட்டையைத் தவறாகப் பார்த்த ஒருவர் ஒரே கணத்தில் இழந்துவிடலாம்.

இடத்தைப் பார்க்காதீர்கள், கிலோமீற்றருக்கு எத்தனை செக்கன் என்று பாருங்கள்

‘மொத்தத்தில் 6’ என்பது அன்று யார் யார் வந்தார்கள், எந்தக் கார் கொண்டுவந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வேகத்தை அளக்க வேறு ஓர் அளவு உண்டு. ரலி உலகம் முழுவதும் அதைத்தான் பாவிக்கிறது.

கட்டம் 12 கிலோமீற்றர். அதே வகுப்பில் வேகமானவர் 8 நிமிடம், நம்மவர் 8 நிமிடம் 36 செக்கன். வித்தியாசம் 36 செக்கன், தூரம் 12. ஆக, கிலோமீற்றருக்கு 3 செக்கன். அடுத்த ஆண்டு 20 கிலோமீற்றர்க் கட்டத்தில் 40 செக்கன் பின்தங்குகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் மோசமாகிவிட்டார். வகுத்துப் பார்த்தால் கிலோமீற்றருக்கு 2 செக்கன், அதாவது மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம்.

இந்த அளவைப் பாவிக்க மூன்று நிபந்தனை உண்டு:

1. ஒப்பிடும் கார் அதே வகுப்பாக இருக்க வேண்டும். நான்கு சில்லும் இழுக்கும் டர்போக் காரோடு 1500 சீசீ முன்சில்லுக் காரை ஒப்பிட்டால் வருவது காரின் வித்தியாசம்தான்.

2. இடையில் மழை வந்த கட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

3. டயர் வெடித்த கட்டத்தைத் தனியே எடுக்க வேண்டும். பழகிய இருவர் இறங்கிச் சில்லு மாற்றினாலும் இரண்டு நிமிடம் போகும். அந்த இரண்டு நிமிடத்தை மொத்தத்தில் சேர்த்துவிட்டு “இவர் மெதுவானவர்” என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

வகுப்பு வெற்றியின் பெறுமதி தெரிய வேண்டுமென்றால் மலேசியாவின் கரம்ஜித் சிங்கின் 2002ஆம் ஆண்டைப் பாருங்கள். உற்பத்திக் கார்களுக்கான உலக ரலிச் சம்பியன் பட்டத்தை புரோட்டன் பெர்ட் காரில் வென்றார். தொழிற்சாலை அணிகளின் கார்கள் அதே ரலிகளில் அவருக்கு வெகு தூரம் முன்னே ஓடின. மொத்த இடத்தை மட்டும் வாசிப்பவரின் கண்ணுக்கு அந்தப் பட்டியலில் சம்பியன் தெரியவே மாட்டார்.

டி.என்.எஃப். — நான்கு வேறு கதைகள்

‘முடிக்கவில்லை’ என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் இது. ஒரே சுருக்கத்துக்குள் நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. பதிவேட்டில் காரணம் எழுதப்படாவிட்டால் அந்த எண்ணுக்குப் பயனே இல்லை.

1. இயந்திரக் கோளாறு. கிறவல் ரலியில் உடைபவை பெரும்பாலும் சில்லுகளைத் தாங்கும், சுழற்றும் பாகங்கள்: லோவர் ஆர்ம், போல் ஜொயின்ட், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை, ஷொக் அப்சோபரின் மேற்பிடி. உறை கிழிந்தால் கிரீஸ் போய் மண் ஏறும், சில கட்டங்களில் மூட்டு தேய்ந்து உடையும். தண்ணீருக்குள் வேகமாக இறங்கினால் காற்றுக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கொன்-றொட் வளையும். அதோடு அன்றைய ஓட்டம் சரி. அடியில் இருந்து காக்கும் சம்ப் காட் 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடாக இருந்தாலும், கல்லில் அடிபட்டு உள்ளே வளைந்து எண்ணெய்ச் சட்டியில் முட்டிக்கொண்டிருக்கும். கட்டங்களுக்கிடையே திருத்த வேலைக்கு விடும் ஒவ்வொரு சேர்விஸிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

2. வீதியை விட்டு விலகியது. சாரதியின் பிழை அல்லது துணைச் சாரதி வாசிக்கும் வழிக் குறிப்பின் பிழை. இது அடிக்கடி நடந்தால் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்.

3. நேரம் கடந்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அனுமதித்த அதிகூடிய தாமதத்தைத் தாண்டிவிட்டார்கள். திருத்த வேலை நீண்டதே காரணமாக இருக்கும். பழி பெரும்பாலும் சேர்விஸ் அணியின் ஒழுங்கில்.

4. தகுதி நீக்கம். ரோல் கேஜ், இருக்கைப் பட்டி, தீயணைப்பான் போன்ற பாதுகாப்புப் பொருட்கள் விதிக்கு அமையவில்லை, அல்லது பாகம் ஒன்று வகுப்புக்கு உரியதல்ல. இது வெட்கப்பட வேண்டியது. விதிப் புத்தகத்தை வாசித்திருந்தால் முழுக்கத் தவிர்த்திருக்கலாம்.

டயர் பற்றி ஒரு சொல், ஏனென்றால் புதியவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்பது மணலில் சரி. கூர்க்கல் கிறவலில் நாலைந்து பி.எஸ்.ஐ. இறக்கிவிட்டு ஓடினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கிப் பக்கச் சுவரில் பக்கம்பக்கமாக இரண்டு வெட்டு விழும். பாம்பு கடித்த பல் அடையாளம் போல இருக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் குற்றம் கல்லில் இல்லை, காற்றமுக்கத்தில்.

கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலியில் 1963இலும் 1968இலும் முடித்த கார்கள் ஏழே ஏழு. இரண்டு தடவையும் வென்றவர் நிக் நொவிக்கி. அந்த ஏழு கார்களைத் தவிர, அந்த ஆண்டுகளில் மற்ற எல்லோருடைய பதிவேட்டிலும் இருப்பது டி.என்.எஃப். தான். அவர்களில் உலகத் தரமான சாரதிகள் இருந்தார்கள். 1998இல் கார்லோஸ் சைன்ஸ் பிரித்தானிய ரலியின் கடைசிக் கட்டத்தில், கோடு தெரியும் தூரத்தில், சில நூறு மீற்றர் மிச்சமிருக்க இயந்திரம் செத்து நின்றார். உலகப் பட்டம் டொமி மக்கினனுக்குப் போனது. ஏட்டில் அதுவும் மூன்றெழுத்துத்தான்.

ஆகவே டி.என்.எஃப். எண்ணிக்கையோடு, எந்தக் கட்டத்தில் நின்றார், அதுவரை எத்தனையாவது இடத்தில் இருந்தார் என்ற இரண்டையும் கேளுங்கள். முதற் கட்டத்திலேயே நாலு தரம் விலகியவர் வேறு. கடைசிக் கட்டம்வரை வகுப்பில் முன்னுக்கு நின்று டிரைவ் ஷாஃப்ட் போனவர் வேறு.

இடப்பக்க இருக்கை

நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கம் இருப்பவர் துணைச் சாரதி. ‘2 தடவை துணைச் சாரதியாக’ என்ற குறிப்பைப் பலர் குறைவாக நினைக்கிறார்கள். “ஓட்டக் கிடைக்கவில்லை, பக்கத்தில் இருந்தாராம்” என்பார்கள். அங்கே நடக்கும் வேலையைத் தெரிந்தால் அப்படிச் சொல்ல வராது.

ரலிக்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் கட்டுப்படுத்திய வேகத்தில் வழக்கமாக இரண்டு தடவை ஓடிப் பார்க்க விடுவார்கள். முதல் ஓட்டத்தில் சாரதி சொல்லச் சொல்லத் துணைச் சாரதி எழுதுவார். இரண்டாவதில் அவர் வாசிக்க, சாரதி திருத்துவார். வளைவுக்கு 1 முதல் 6 வரை எண். பல அணிகளில் 1 மிக மெதுவானது, 6 கிட்டத்தட்ட நேர். ஒரு குளக்கட்டு வீதியை இப்படி எழுதலாம்:

“100, லெஃப்ட் அஞ்சு, 60, மேடு நேர், ரைட் மூணு நீளம் இறுகி ரெண்டு, வெட்டாதே மதகு, 40, லெஃப்ட் நாலு திறக்கும்.”

‘100’, ‘60’ போன்றவை நேர்த் துண்டின் நீளம், மீற்றரில். ‘இறுகி’ என்றால் வளைவு போகப் போக ஒடுங்கும். நுழையும் வேகத்தை மூணுக்குத் தீர்மானித்தால் நடுவில் இடம் போதாது. ‘வெட்டாதே மதகு’ என்பது உட்பக்கம் மதகின் கல் நிற்கிறது, சில்லை உள்ளே போடாதே என்ற எச்சரிக்கை. மணிக்கு 90 என்றால் செக்கனுக்கு 25 மீற்றர், 100 மீற்றர் நேர்த் துண்டு 4 செக்கனில் முடிந்துவிடும். “ரைட் மூணு நீளம் இறுகி ரெண்டு வெட்டாதே மதகு” என்று சொல்லவே ஏறக்குறைய 2 செக்கன் பிடிக்கும். எனவே கார் ஒரு வளைவில் இருக்கும்போது வாய் அடுத்த வளைவை வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி வீதியைப் பார்த்தால் வரி தவறும். பார்க்காவிட்டால் கார் எங்கே நிற்கிறது என்பது தவறும். இருக்கையின் அசைவை வைத்தே இடத்தைக் கணிக்கப் பழகியவர்தான் நல்ல துணைச் சாரதி.

தமிழில் குறிப்பு எழுதுவோர் ‘வலம்’, ‘இடம்’ என்ற சொற்களைத் தவிர்ப்பது நல்லது. இரண்டும் ஒரே நீளம், இரண்டும் ‘அம்’ என்றே முடியும். இரைச்சலுக்குள் ஹெல்மெட் வழியே கேட்கும்போது முதலெழுத்து அமுங்கினால் இரண்டும் ஒன்று போலவே கேட்கும். ‘ரைட்’, ‘லெஃப்ட்’ ஓசையில் தெளிவாகப் பிரிகின்றன. மொழிப்பற்றுக்கு இது இடமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

இந்த இருக்கையிலிருந்து எழுந்தவர்களைப் பாருங்கள். பிரான்சின் மிஷேல் மூட்டோன் ரலிக்குள் வந்ததே துணைச் சாரதியாக. 1981இல் இத்தாலியின் சான்ரேமோவில், உலகச் சம்பியன்ஷிப் ரலியொன்றை வென்ற முதற் பெண்ணானார். 1982இல் மேலும் மூன்று ரலிகளை வென்று சாரதிகள் பட்டியலில் இரண்டாமிடம் வந்தார். அந்த வெற்றிகளில் அவர் பக்கத்தில் இருந்து குறிப்பு வாசித்தவரும் ஒரு பெண், ஃபப்ரிட்சியா பொன்ஸ். 2009 முதல் 2021 வரை சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஜோன் டொட், தன் பந்தயக் காலம் முழுவதும் துணைச் சாரதிதான்.

கார் வாங்க வசதியில்லாத, ஆனால் கணக்கும் நிதானமும் உள்ள இளைஞருக்கும் யுவதிக்கும் இந்த விளையாட்டின் வாசல் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. கழகங்கள் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

நம் வீதிகள் விளக்கும் ஒரு விஷயம்: புறப்படும் வரிசை

பதிவேடுகளில் எழுதப்படாமலே போவது புறப்பட்ட இலக்கம். அதன் அருமை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வாழும் படுவான்கரைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயித்தியமலைப் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ கிறவல் வீதியை அதிகாலையில் பாருங்கள். முழு அகலத்துக்கும் பொடிக்கல் பரவிக் கிடக்கும். நாலைந்து உழவு இயந்திரமும் ஒரு லொறியும் போன பிறகு கல் இரு பக்கமும் ஒதுங்கி, இரண்டு சில்லுத் தடம் இறுகி வெளிக்கும். ரலியிலும் அதுவேதான். காய்ந்த கிறவலில் முதலாவதாகப் போகும் கார் மற்றவர்களுக்காக வீதியைக் கூட்டிக்கொண்டு போகிறது. அதற்குப் பிடிப்பு இல்லை, பின்னால் வருபவருக்கு உண்டு.

ஆனால் பின்னால் வருபவருக்குப் புழுதி. காற்று ஓய்ந்திருந்தால் முன்போன காரின் புழுதி வளைவுகளில் தொங்கி நிற்கும். ஒரு நிமிட இடைவெளி போதாது. கச்சான் காற்று குறுக்காக வீசும் நாளில் அதே வீதி சில கணத்தில் துப்புரவாகிவிடும். மாரியில் கதை தலைகீழ்: முதற் கார் இறுகிய மேற்பரப்பில் போகும், பின்வருபவர்களுக்குச் சேறு கிளறிக் கிடக்கும். ஆகவே ‘5ஆம் இடம்’ என்பதன் பக்கத்தில், காய்ந்த வீதியில் முதலாவதாகப் புறப்பட்டவர் என்று எழுதியிருந்தால் அதற்கு வேறு எடை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த வீதிகள் எவையும் ரலிக்கு மூடப்பட்டவை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள், நெல் காயும், அந்திக்குப் பிறகு யானை நிற்கும். இங்கே வேக ஓட்டம் பழகுவது குற்றம். அதைப் பதிவேட்டில் அனுபவமாகக் காட்டும் ஆளைக் கழகம் வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

ஆண்டு எதுவென்று பாராமல் எண்ணை ஒப்பிடாதீர்கள்

கென்யாவின் ஜோகிந்தர் சிங் சஃபாரி ரலியை மூன்று தடவை வென்றார்: 1965இல் சகோதரர் ஜஸ்வந்துடன் வொல்வோ பீவி544 காரில், 1974இலும் 1976இலும் மிட்சுபிஷி லான்சரில். ஆனால் உலகச் சம்பியன்ஷிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருப்பது இரண்டு வெற்றிதான். உலகச் சம்பியன்ஷிப் 1973இல் தொடங்கியதே காரணம். அந்த இரண்டும்கூட அவருக்குச் சாரதிப் பட்டத்துக்கான புள்ளி தரவில்லை. சாரதிகளுக்கான உலகப் பட்டம் 1979இல்தான் வந்தது.

புள்ளிகளும் அப்படித்தான். 1997 முதல் 2009வரை உலக ரலி வெற்றிக்கு 10 புள்ளி, 2010இல் அது 25 ஆனது. இரு காலத்துச் சாரதிகளின் மொத்தப் புள்ளிகளை அருகருகே வைப்பதில் பொருளில்லை. பட்டங்களை வைக்கலாம். இந்தியாவின் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் ரலிச் சம்பியன். 2019இல் அர்ஜுனா விருது பெற்ற முதல் மோட்டார் பந்தய வீரரும் அவரே.

கழகம் எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம். அதில்:

1. போட்டியின் வகை, திகதி, கட்டங்களின் மொத்தத் தூரம், வீதியின் தன்மை, மழையா வெயிலா.
2. எந்த இருக்கை, மற்ற இருக்கையில் யார்.
3. கார், வகுப்பு, டயர் அளவு, புறப்பட்ட இலக்கம்.
4. கட்டம் கட்டமாக நேரமும் அதே வகுப்பின் வேகமான நேரமும், கிலோமீற்றருக்கு எத்தனை செக்கன் வித்தியாசம் என்பதும்.
5. தண்டனை நேரம், அது ஏன் வந்தது.
6. முடிக்காவிட்டால் கட்டம், அப்போதைய இடம், உடைந்த பாகம்.

நேர அட்டையை அன்றிரவே படம் எடுத்து வையுங்கள். கார்த்திகை மழையில் நனைந்த அட்டையில் மறுநாள் மையெல்லாம் ஊறிப்போயிருக்கும், நடுவர் ஒப்பமும் இராது. உத்தியோகபூர்வ முடிவுத் தாள் பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு அடுத்த நாள் கிழிக்கப்படுவது. அதையும் படம் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான கழகங்கள் விட்டுவிடும் பக்கம் ஒன்றும் உண்டு: சாவடியில் நின்றவர்களின் பக்கம். கட்டத்தின் முடிவில் கடிகாரத்தோடு வெயிலில் நின்ற அங்கத்தவர், வளைவில் கொடி பிடித்தவர், பார்வையாளரைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தியவர். 2024 ஏப்ரலில் ஃபொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு உயிர் போனது. அதற்குப் பிறகு, எந்தப் போட்டியில், எந்த வளைவில், எத்தனை மணித்தியாலம் நின்றார் என்ற கணக்கும் சாரதியின் கணக்குக்குச் சமமாக அதே ஏட்டில் ஏற வேண்டும்.